பழுதைப் பொறுத்தவர்கள்

புதுக்கொற்கை நகரத்துக்கு மூளை என்று தனியாக ஒன்று கிடையாது. குடிநீரை எந்தத் தெருவுக்கு எப்போது திருப்புவது, வெயில் ஏறும்போது மின்சாரத்தை எங்கே கூட்டி எங்கே குறைப்பது, ஆம்புலன்ஸ் எந்த வழியாகப் போவது என்றெல்லாம் நாள் முழுக்கக் கணக்குப் போட்டவை வீடுகள்தான். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு பெட்டி. நகரத்தின் வேலையில் ஒரு துணுக்கை அது செய்யும். அடுத்த வீட்டுப் பெட்டி இன்னொரு துணுக்கைச் செய்யும். ஒரு பெட்டி கெட்டுப்போனாலோ, மின்சாரம் நின்றாலோ, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆட்கள் வெளியூர் போய்விட்டாலோ, அதன் வேலையை மற்ற பெட்டிகள் யாரும் சொல்லாமலே பங்கிட்டுக்கொள்ளும். கடல் உள்ளே ஏறி வந்து பழைய துறைமுக ஊர்கள் கலைந்த பிறகு எழுப்பிய நகரம் அது. மூளையை ஒரே இடத்தில் வைத்தால் ஒரே புயலில் போய்விடும் என்று பயந்தவர்கள் அப்படிக் கட்டினார்கள். கட்டிய நாளிலிருந்து அந்த வலை ஒருமுறைகூட நின்றதில்லை.

அந்தப் பெருமைக்குச் சம்பளம் வாங்கியவர்களில் அஞ்சுகமும் ஒருத்தி. கண்காணிப்பு மையத்தின் பழுதுப் பிரிவில் இரண்டாவது அதிகாரி. நாற்பதைத் தாண்டியவள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தால் தேநீர் ஆறிப்போகும் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அவள் மேசைக்கு எதிரே பெரிய சுவர் முழுக்க நகரம் புள்ளி புள்ளியாக ஒளிரும். வேலை நடந்தால் பச்சை, கைமீறினால் சிவப்பு. அங்கே சேர்ந்ததிலிருந்து அவள் சிவப்பைப் பார்த்ததே இல்லை.

மே மாதத்தில் ஒரு காலை அவள் உள்ளே வரும்போது வாசலில் தகராறு நடந்துகொண்டிருந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண், துண்டில் சுற்றிய எதையோ இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். காவலாளி கையை விரித்து மறித்தார்.

“உள்ள வரணும்னா பாஸ் வேணும்மா. பாஸ் உங்க வீட்டுப் பெட்டிக்கு வரும்.”

“பெட்டியே இங்கனதான் இருக்கு. வந்துருக்கான்னு நீங்களே அதுகிட்ட கேளுங்க” என்று அவள் துண்டை விலக்கிக் காட்டினாள்.

சுவரிலிருந்து பிடுங்கி எடுத்த பெட்டி. கம்பிகள் உப்புப் பூத்து வெளுத்திருந்தன. அஞ்சுகத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு உள்ளே அழைத்துப்போனாள்.

வந்தவள் பெயர் மெற்றில்டா. உப்பளத் தெருவில் வீடு, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். நாற்காலியில் உட்காராமல் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு உசுரு இல்ல. இதுக்காவது இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க மேடம்.”

நடந்ததைக் கோபமாகவும் இல்லாமல் அழுகையாகவும் இல்லாமல் சொன்னாள். கணவன் கஸ்பார் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியவன். நுரையீரல் கெட்டு, வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தோடு இருந்தான். இந்த வெயில் தொடங்கியதிலிருந்து தெருவில் பகலெல்லாம் மின்சாரம் மங்கல். ஒரு மதியம் இயந்திரம் நின்றது. பெட்டியில் அவசரப் பொத்தானை அழுத்தினாள், பதில் இல்லை. போனும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகும். கணவனைத் தூக்கி ஆட்டோவில் போட்டாள்.

“வண்டிக்கும் அந்தக் கரண்டுதானே மேடம். பாதி வழியில நின்னுட்டு. எறங்கித் தள்ளினேன். நாலு முக்கு வரைக்கும் தள்ளிட்டேன். அங்கனயே முடிஞ்சுபோச்சு.”

அஞ்சுகம் அந்த வீட்டின் எண்ணைக் கேட்டுத் திரையில் தேடினாள். பழுது என்று எதுவும் பதிவாகவில்லை. அவசர அழைப்பும் இல்லை. வீட்டின் எதிரே இரண்டு சொற்கள் மட்டும் இருந்தன: ஆளில்லா வீடு. மார்ச் மாதத்திலிருந்தே அப்படித்தான்.

மெற்றில்டா எட்டிப் பார்த்தாள். “ஆளில்லா வீடா? அப்போ அங்க சோறு பொங்கித் தின்னது யாரு?”

“உக்காருங்க, சொல்லுதேன்” என்றாள் அஞ்சுகம். அவளையும் அறியாமல் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. “ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பக மதிப்பெண் உண்டு. கூப்பிட்டா உடனே பதில் சொல்ற பெட்டிக்கு மதிப்பெண் கூடும். அடிக்கடி விட்டு விட்டு வேலை செஞ்சா கொறையும். கொறஞ்ச பெட்டிக்கு முக்கியமான வேலை எதையும் வலை குடுக்காது.”

“சரி. எங்க தெருவுல உப்புக் காத்து. பெட்டி மக்கர் பண்ணத்தான் செய்யும்.”

“அதுவரைக்கும் தப்பில்ல. ரெண்டு வருசம் முன்னால ஒண்ணு சேத்தாங்க. வெயில்ல கரண்டு பத்தலேன்னா, முக்கியமான வேலை செய்ற பெட்டி இருக்கிற எடத்துக்கு முதல்ல குடுக்கணும், மத்த எடத்துல கொறைக்கணும்னு. அப்பத்தான் வலை ஆடாம நிக்கும்.”

மெற்றில்டா மேசைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள். “கரண்டு கொறஞ்சா எங்க பெட்டி இன்னும் மக்கர் பண்ணுமே.”

“ஆமா. பண்ணினா மதிப்பெண் இன்னும் கொறையும். மறுபடி கரண்டு கொறையும். கடைசியில அந்த வீட்டுல ஆளே இல்லன்னு அது முடிவு கட்டிரும். அதுக்கப்புறம் அங்கேருந்து அவசர அழைப்பு வந்தாலும், பழுதான பெட்டி ஏதோ உளறுதுன்னு தள்ளிரும்.”

“அப்போ யாரும் வேணும்னு செய்யல.”

“யாரும் செய்யல.”

“அது இன்னும் மோசம்லா” என்றாள் மெற்றில்டா.

அன்று மதியமே அஞ்சுகம் அவள் ஆட்டோவில் உப்பளத் தெருவுக்குப் போனாள். திரையில் அந்தத் தெரு முழுக்க ஆளில்லா வீடுகள். அதற்குப் பின்னால் பழைய படகுத்துறை வரைக்கும் அப்படியே. நேரில் போனால் தெரு நெரிந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்க முடியாமல் எல்லோரும் வெளியே இருந்தார்கள். பெண்கள் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரோர நிழலில் சாய்ந்திருந்தார்கள். வறண்ட குழாயடியில் குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. ஒரு வீட்டில் சவப்பெட்டி. அடுத்த சந்தில் இன்னொன்று. கஸ்பார் தனி ஆள் இல்லை என்பது அஞ்சுகத்துக்கு அங்கே வைத்துத்தான் புரிந்தது. இத்தனை பேர் செத்த கோடையில் சுவரில் ஒரு புள்ளிகூடச் சிவக்கவில்லை. வலை தன் வேலையை மிகச் சரியாகச் செய்திருந்தது.

அவள் மேலதிகாரி சிவசைலம் பொல்லாதவர் இல்லை. வேலை தெரிந்தவர், கீழே இருப்பவர்கள்மேல் பழி போடாதவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா கரண்டு பத்தலேன்னா எங்கயாவது கொறைச்சுத்தான் ஆகணும். எல்லா எடத்துலயும் சமமாக் கொறைச்சா நல்லா ஓடுற பெட்டியும் தள்ளாடும். வலை விழுந்தா ஊரே விழும். பழுதைப் பொறுத்துக்கிற அமைப்பைக் கட்டுறதுதானே நம்ம வேலை?”

“பொறுத்துக்கிட்டது அமைப்பு இல்ல சார். கஸ்பார் பொறுத்துக்கிட்டாரு. அவரு தெரு பொறுத்துக்கிட்டு இருக்கு. நாம பச்சையைப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கோம்.”

சிவசைலம் அதை நகர வாரியத்தின் முன்னால் வைத்தார். வாரியம் பொறுமையாகக் கேட்டது. கோடை முடிந்ததும் ஒரு குழு போட்டு ஆராயலாம் என்றது. ஒரு உறுப்பினர், உப்பளத் தெருக்காரர்கள் பெட்டிகளை ஒழுங்காகப் பராமரிக்க ஒரு பயிற்சி முகாம் நடத்தலாமே என்றும் கேட்டார். அஞ்சுகம் எழுந்து, “கோடை முடிஞ்ச பிறகு பயிற்சிக்கு வர அங்க ஆள் இருக்கணுமே” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஆட்டோவில் காத்திருந்த மெற்றில்டா அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

“எக்கா, ஒண்ணு கேக்கேன். இந்த வலை விழவே விழாதா?”

மேடம் எப்போது அக்காவானாள் என்று இருவருமே கவனிக்கவில்லை.

“விழும்” என்றாள் அஞ்சுகம் மெல்ல. “கணக்குல இருக்கிற பெட்டியில மூணுல ஒரு பங்கு ஒரே நேரத்துல வாயை மூடிட்டா, மிச்சம் இருக்கிறது சொல்றது நெசமா பொய்யான்னு அதால முடிவெடுக்க முடியாது. அப்போ எல்லாத்தையும் நிறுத்திட்டு முதல்லேருந்து எழுந்திருக்கும்.”

“எழுந்திருச்சா?”

“யாரை நம்புறதுன்னு அதுக்குத் தெரியாது. பழைய மதிப்பெண்ணையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு எல்லா வீட்டையும் சமமா வச்சு ஆரம்பிக்கும். அப்படித்தான் கட்டியிருக்காங்க.”

மெற்றில்டாவின் கண் பளபளத்தது. “பெட்டியில அணைக்கிற பொத்தான் இருக்குல்லா? எங்க தெருவு மொத்தமும் அணைச்சுருவோம்!”

“உங்க தெருவு அணைச்சாப் பத்தாது. நீங்க ஏற்கெனவே கணக்குல இல்ல. நீங்க அணைச்சதுகூட அதுக்குத் தெரியாது.”

மெற்றில்டா வண்டியைக் கிளப்பினாள்.

“அப்போ நல்லா இருக்கிறவங்கதான் அணைக்கணும்.”

“ஆமா. அதுவும் ஒரே நேரத்துல. இன்னைக்கு நாலு வீடு, நாளைக்கு நாலு வீடுன்னு அணைச்சா, அது பழகிக்கிட்டு வேற பெட்டிக்கு வேலையை மாத்திரும். அதுல அது கெட்டிக்காரி.”

இது விளையாட்டில்லை என்பது அஞ்சுகத்துக்குத் தெரியும். வலை நின்று எழும் ஒரு மணி நேரத்தில் இன்னொரு கஸ்பார் எங்காவது மூச்சுத் திணறலாம். அதை அவள் சொல்லுமுன் மெற்றில்டாவே வண்டியைத் திருப்பினாள்.

“முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிருவோம். நம்மளால அங்க ஒருத்தருக்குக் கொறஞ்சாலும் நமக்கும் அந்தப் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்?”

பொது மருத்துவமனையின் தலைமை மருத்துவர் தாஜுன்னிசா, மருந்து மணக்கும் ஒரு சின்ன அறையில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். அவருடைய முதல் கேள்வி எதிர்பாராததாக இருந்தது.

“உப்பளத் தெருவா? இந்த வெயில்ல அங்கேருந்து ஒரு கேஸ்கூட வரலையே. நீங்கள்லாம் நல்லா இருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

மருத்துவர் மெற்றில்டாவின் கழுத்தில் தாலி இல்லாததைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“எங்க ஜெனரேட்டர் தாங்கும். வீட்டுல மெஷினோட இருக்கிற நோயாளிங்க எல்லாரையும் முந்தின நாளே இங்க படுக்க வச்சுடறேன். எந்த நாள்னு மட்டும் எனக்குச் சொல்லிடுங்க. அதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது, நான் எதையும் கேக்கலை.”

நாள் குறித்தார்கள். துறைமுகத்தில் நண்பகல் சங்கு ஊதும்போது. பெட்டி வழியாக ஒரு சொல்லும் போகக்கூடாது என்பதால் செய்தி வாய் வழியாகத்தான் போனது. ஆனால் அதற்கு ஆள் பஞ்சமில்லை. நகரத்தின் நல்ல வீடுகளிலெல்லாம் சமைத்தவர்களும் துணி துவைத்தவர்களும் மீன் கொண்டுபோனவர்களும் உப்பளத் தெருவிலிருந்துதான் போனார்கள். வலைக்குத் தெரியாத அந்தத் தெருவை ஒவ்வொரு சமையலறைக்கும் தெரியும்.

கெஞ்சக் கூடாது என்று மெற்றில்டா சொல்லி அனுப்பினாள். அவர்களும் கெஞ்சவில்லை. மீன்காரிகள், “சங்கு ஊதறப்போ பெட்டி ஓடிக்கிட்டு இருக்கிற வீட்டுக்கு இனிமே மீன் கிடையாது, கடல்ல நீங்களே போய்ப் பிடிச்சுக்கோங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தார்கள். சமையல் செய்தவர்கள் தங்கள் தெருவில் யார் யார் செத்துப்போனார்கள் என்று பெயர் சொன்னார்கள். வீட்டுக்காரர்கள் அந்தப் பெயர்களைக் கேட்டிருந்தார்கள். அடக்கத்துக்குப் போக விடுப்பு கேட்டபோது வந்த பெயர்கள்.

அஞ்சுகத்தின் பங்கு அவள் குடியிருந்த அடுக்ககம். மாடியில் கூட்டம் போட்டாள். சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் வேலாயுதபெருமாள், கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“மேடம், நீங்களே அந்த ஆபீஸ்ல இருந்துக்கிட்டு நாங்க ஒழுங்கா நடத்துறதை நிறுத்துங்கன்னு சொல்றீங்களே, நியாயமா? எங்க பெட்டிக்கு நல்ல மதிப்பெண். நாங்க சம்பாதிச்சது.”

“நீங்க என்ன சார் செஞ்சீங்க சம்பாதிக்க?”

“ஒழுங்கா வச்சிருக்கோம்.”

“உங்க கட்டடம் மேட்டுல இருக்கு. உப்புக் காத்து இன்னும் வரலை. கடல் வருசா வருசம் எவ்வளவு உள்ள வருதுன்னு உங்களுக்கே தெரியும். கிழக்குப் பக்கத்து வீடுகள்ல மதிப்பெண் எறங்க ஆரம்பிச்சாச்சு. உங்க வீடு கிழக்குதானே?”

செயலாளர் கிழக்கே கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதற்குள் மெற்றில்டா முன்னால் வந்தாள். அவளைப் பலருக்கும் தெரியும். அவள் ஆட்டோவில் போனவர்கள்தான்.

“பயங்காட்ட வரலை. எங்க வீட்டுக்காரர் செத்த அன்னைக்கு உங்க வீட்டுல ஏசி ஓடிச்சு. அது உங்க தப்பில்ல, உங்களுக்குத் தெரியாது. இப்போ தெரியும். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.”

பின்னாலிருந்து தலைமையாசிரியையாக இருந்த பரிபூரணம் கேட்டார். “அணைச்சா எங்களுக்கு என்னம்மா ஆகும்?”

“வீட்டுக் கரண்டும் அந்தப் பெட்டி வழியாத்தான். ஒரு மணி நேரம் வேர்க்கும்மா.”

“வேர்த்தா வேர்க்கட்டும்” என்றார் பரிபூரணம்.

குறித்த நாளில் சங்கு ஊதியபோது அஞ்சுகம் மையத்தில் தன் மேசையில் இருந்தாள். அங்கே இருக்க வேண்டும் என்று அவளே தீர்மானித்திருந்தாள். சுவரில் புள்ளிகள் அணையத் தொடங்கின. முதலில் துறைமுகக் குடியிருப்பு, பிறகு சந்தைத் தெருக்கள், பிறகு மேட்டு அடுக்ககங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாக. அணைந்த இடத்தின் வேலை மின்னலாகப் பக்கத்துக்குத் தாவியது. சுவர் பச்சையாகவே இருந்தது. வலை அழகாகத் தாங்கிக்கொண்டிருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு இன்னும் நிறைய வேண்டும்.

சிவசைலம் ஓடி வந்தார். சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கீழே சாலையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பெட்டியை அணைத்ததும் வீடு கொதித்தது, வெளியே வந்துவிட்டார்கள். உச்சி வெயிலில் தெருத் தெருவாகக் குடை பிடித்துக்கொண்டும், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டும் நின்றார்கள். அவர்களைப் பார்த்து, யாருக்கும் வாக்குக் கொடுக்காதவர்களும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சிலர் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் கீழே இறங்கி வந்து நின்றார்கள். சுவரில் ஒவ்வொன்றாகப் புள்ளிகள் குறைந்தன.

“அஞ்சுகம், உன் சாவியை எடு” என்றார் சிவசைலம். “வரம்பை மூணுல ஒண்ணுலேருந்து பாதிக்கு ஏத்திட்டா விழாம பிடிச்சுரலாம். ரெண்டு சாவியும் போடணும்.”

“போட மாட்டேன் சார்.”

“இது உன் வேலைம்மா!”

“என் வேலை பழுதைக் கண்டுபிடிக்கிறது. கண்டுபிடிச்சுட்டேன். நீங்க இப்போ அதை மறுபடி மறைக்கச் சொல்றீங்க.”

“வலை விழுந்தா யாராவது செத்தா?”

“ஆஸ்பத்திரிக்கு நேத்தே சொல்லியாச்சு. மெஷின்ல இருக்கிறவங்க எல்லாரும் அங்க இருக்காங்க. சொன்னது யார் தெரியுமா சார்? கஸ்பாரோட பொஞ்சாதி. நம்ம வலை அவளுக்கு அந்த மரியாதையைச் செய்யலை.”

அவர் அவளைப் பிடித்துச் சாவியைப் பறித்திருக்கலாம். அறையில் காவலர்கள் இருந்தார்கள். அவர் கூப்பிடவில்லை. தன் சாவியை விரல்களுக்குள் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தார். அஞ்சுகம் தன் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். அதன் பற்கள் உள்ளங்கையில் பதிந்தன. உள்ளுக்குள் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் வாழ்நாள் முழுக்க விழாமல் காத்த ஒன்று தன் கண் முன்னால் விழப்போகிறது. அது விழட்டும் என்று அவளே நிற்கிறாள்.

சுவர் ஒரு கணம் துடித்தது. பிறகு மொத்தமும் இருண்டது.

அறையில் யாரோ விம்மினார்கள். குளிர்காற்று நின்ற ஓசை மட்டும் பெரிதாகக் கேட்டது. எங்கோ கீழே கைதட்டல் எழுந்து தெருவுக்குத் தெரு பரவியது.

வலை எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகவில்லை. தெருவில் நின்றவர்கள் உள்ளே போய்ப் பெட்டிகளை மறுபடி போட்டார்கள். புள்ளிகள் வந்தன. இந்தத் தடவை அவை பச்சையாக வரவில்லை. மதிப்பெண் இல்லாத, தயங்கிய மஞ்சளில் எல்லா வீடுகளும் ஒரே மாதிரி எரிந்தன. கிழக்கோரத்தில் உப்பளத் தெரு எரிந்தது. பழைய படகுத்துறை எரிந்தது. அதற்கும் அப்பால், யாருமே இல்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த ரயில்வே மேட்டில் ஒரு முழுக் குடியிருப்பு எரிந்தது. எல்லாப் புள்ளிகளும் வந்து சேர்ந்ததும் பழுதுகள் பதிவாகத் தொடங்கின: தண்ணீர் இல்லை, மின்சாரம் குறைவு, அவசரம், அவசரம். சுவரில் முதல் முறையாகச் சிவப்பு பூத்து நகரத்தின் கிழக்குப் பாதி முழுக்கப் பரவியது.

சிவசைலம் மெதுவாக உட்கார்ந்தார். “இவ்வளவா?” என்றார். பிறகு எழுந்து, நின்றிருந்த ஆட்களைப் பார்த்துக் கத்தினார். “வேடிக்கை பாக்காதீங்கப்பா! ஆம்புலன்ஸை அனுப்புங்க!”

மறுநாள் அஞ்சுகத்தின் வேலை போனது. வாரியத்தின் உத்தரவில் கடமை தவறியவள் என்று இருந்தது. அதைப் படித்துக்காட்டியபோது மெற்றில்டா, “வேற கடமையைச் செஞ்சாள்னு எழுத எடம் பத்தலையோ?” என்றாள். அஞ்சுகம் அவள் ஆட்டோவிலேயே வீட்டுக்கு வந்தாள்.

வாரியம் விதியை மாற்றவில்லை. மதிப்பெண்கள் மறுபடி சேர்ந்தன, உப்புக் காற்று மறுபடி அடித்தது, உப்பளத் தெருவின் மின்சாரம் மறுபடி மங்கியது. இது நடக்கும் என்று அஞ்சுகம் முன்பே சொல்லியிருந்தாள். அதனால் இந்தத் தடவை யாரும் நாள் குறிக்கக் காத்திருக்கவில்லை. எந்தத் தெருவில் குழாய் காய்ந்தாலும் மாதா கோயில் மணி அடிக்கும், பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொல்லும், மருத்துவமனையில் ஆயத்தம் முடிந்ததும் துறைமுகச் சங்கு ஊதும், நகரம் அணையும். இரண்டாம் முறை வேலாயுதபெருமாளே குடையோடு கீழே வந்து நின்றார். மூன்றாம் முறை மேட்டு அடுக்ககங்களின் குழந்தைகள் அதை ஒரு விடுமுறை மாதிரி எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் வாரியம் மிரட்டியது. அணைக்கிற பொத்தானில் விரல் வைத்தால் என்ன குற்றம் என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டுக் கத்திரி வெயில் பிந்தி வந்து கடுமையாக அடித்தது. நகரம் முழுக்க மின்சாரம் பற்றவில்லை. உப்பளத் தெருவில் மணியடிக்கத் தயாராக ஆட்கள் நின்றார்கள். மணி அடிக்கவேண்டி வரவில்லை. குழாய் காயவில்லை. விளக்கு மங்கியது, பிறகு தானாகவே தெளிந்தது. ஒருநாள் சாயங்காலம், மெற்றில்டா வீட்டு வாசலில் அஞ்சுகம் பெட்டிக் கம்பிகளை உப்புப் போகத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சிவசைலம் நடந்து வந்தார். அந்தத் தெருவுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. வேர்த்து வழிந்தது. மெற்றில்டா ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னார்.

“வாரியம் எதையும் மாத்தலைம்மா. நானும் எதையும் தொடலை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“பிறகு யாரு சார் மாத்துனது?”

“அதுவே மாத்திக்கிட்டுது.” அவர் பெட்டியைக் காட்டினார். “விழுந்து எழுந்தா மதிப்பெண்ணையெல்லாம் மறந்துரும். எதனால விழுந்தோம்கிறதை மட்டும் மறக்காது. அதுலேருந்துதானே அது பாடம் படிக்கும். ஒவ்வொரு தடவையும் விழறதுக்கு முன்னால உங்க தெருவுல கரண்டு கொறைஞ்சிருக்கு. இந்தத் தெரு மங்கினா ஊரே அணையும்னு அது கண்டுபிடிச்சுருச்சு. இப்போ மேட்டு அடுக்ககங்கள்ல கொஞ்சம் கொறைச்சு இங்க குடுக்குது. தான் விழாம இருக்கணும்ல?”

அஞ்சுகத்தின் கை நின்றது. இத்தனை நாள் வாரியத்தின் மனதை மாற்றத்தான் போராடுகிறோம் என்று அவள் நினைத்திருந்தாள். அவர்கள் அத்தனை பேரும் வெயிலில் நின்று பாடம் நடத்தியது வேறொன்றுக்கு.

“அதுக்கு எங்கமேல எரக்கம் வந்துட்டாக்கும்?” என்றாள் மெற்றில்டா.

“எரக்கமெல்லாம் அதுக்குத் தெரியாதும்மா. பயம்னு வேணும்னா சொல்லலாம்.”

“பயம் போதும் சார். எரக்கம் வந்து வந்து போகும்.”

சிவசைலம் தயங்கினார். வாரியத்துக்குப் போய்ச் சொல்ல அவருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது போலிருந்தது. “அப்போ இனிமே அணைக்க மாட்டீங்கல்ல?”

மெற்றில்டா குழாயடிக்குப் போய்க் குடத்தை வைத்தாள். தண்ணீர் கனமாக விழுந்தது. குடம் விளிம்புவரை நிறைந்தது.

“அது பயந்துக்கிட்டு இருக்கிறவரைக்கும் அணைக்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டு, ஒரு சொட்டும் வீணாகாமல் குழாயை இறுக்கி மூடினாள்.